மேற்கே போய்க் கிழக்கே இறங்குவது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பம்பு கம்பெனியில் நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த தடித்த நோட்டு இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்து எழுத ஆரம்பிக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய பொறுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

என் மனைவி வசந்தாமணியும் அவள் தங்கை சாந்தாமணியும் நியூசிலாந்து போக வேண்டும் என்கிறார்கள். டிவியில் ஏரியும் மலையும் ஆடுமாகக் காட்டினார்களாம். ஆடு பார்க்கப் பொள்ளாச்சிச் சந்தை போதாதா என்று கேட்டேன். இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள். பதினெட்டு நாள் பயணம், செலவு அவர்களுடைய சீட்டுப் பணத்தில். நானும் சாந்தாமணியின் கணவர் நாச்சிமுத்துவும் செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த ஏர்லைன் என்று முடிவு செய்ய வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒத்து வந்து ஒரே ஒரு பேரச் சொல்லுங்க. மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள் வசந்தா.

நாச்சிமுத்துவைப் பற்றி எழுதிவிடுகிறேன். அவிநாசியில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். நான் அக்காவைக் கட்டியவன், முறைப்படி மூத்தவன். அவர் தங்கையைக் கட்டியவர், ஆனால் வயதில் என்னைவிட இரண்டு வருடம் பெரியவர். யார் யாரை அண்ணா என்று கூப்பிடுவது என்பது முப்பது வருடமாக முடிவாகவில்லை. இரண்டு பேரும் 'சகல' என்றே காலம் தள்ளுகிறோம். அவர் பதினோரு தடவை விமானத்தில் போனவர். எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார். நான் போனது ஒரே ஒரு தடவை, டெல்லிக்கு, கம்பெனி வேலையாக.

ஆகஸ்ட் 7, வியாழன்

முப்பத்து நான்கு வருடம் பம்புகளைச் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுத்தவன் நான். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டால் அந்த மோட்டார் கிணற்றுக்குள் இறங்கலாம் என்று பெயர். விமானத்தையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன்.

கோடு போட்டு அட்டவணை தயார் செய்தேன். முழங்கால் இடம், இருக்கையின் சாய்வு, சத்தம், தயிர் உண்டா, ஒரு கழிவறைக்கு எத்தனை பேர். மொத்தம் இருபத்தாறு பத்தி. கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால் வாலில் அடித்திருக்கும் நிறத்தை வைத்துக் குறித்துக்கொள்கிறேன். நீல வால், சிவப்பு வால், பச்சை வால்.

மூன்றுக்கும் போன் செய்தேன். நீல வாலில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். சக்கரம் இறங்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் கோளாறு. பச்சை வாலில் இருபது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள், சுருதி சேரவே இல்லை. அதை அப்போதே அடித்துவிட்டேன்.

சாயந்திரம் மாடித் தொட்டி கழுவினேன்.

ஆகஸ்ட் 16, சனி

நாச்சிமுத்து வந்தார். பேச்சுவார்த்தை முறிந்தது.

எனக்கு நீல வால். இங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நியூசிலாந்து. நேர் கோடு. அவருக்குச் சிவப்பு வால்தான் வேண்டுமாம். அது முதலில் வளைகுடாவுக்குப் போய், அங்கே விமானம் மாற்றி நியூசிலாந்து போகிறது.

"சகல, நியூசிலாந்து கிழக்கால இருக்குது. நீங்க மேக்கால போகச் சொல்றீங்க" என்றேன்.

"ஏனுங்க, உலகம் உருண்டைதானுங்களே."

"உருண்டைதான், ஆனா அது சுத்திப் போகல சகல. மேக்கால போயி, திரும்பி, நம்ம ஊருக்கு மேலயே பறந்து போகுது. கோயமுத்தூருல இருந்து அவிநாசி போறதுக்கு யாராச்சும் பாலக்காட்டு பஸ்ல ஏறுவாங்களா?"

"அந்த பஸ் ரெண்டு மாடியா இருந்தா ஏறுவேனுங்க" என்றார் அவர். சிவப்பு வாலின் விமானத்துக்கு இரண்டு மாடியாம். மாடியில் நமக்கு இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன். நமக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது என்பதே ஒரு கௌரவம் என்கிறார்.

வசந்தா இரண்டு பேருக்கும் காபி வைத்துவிட்டு, "இன்னைக்கு முடிவாகுமுங்களா?" என்று கேட்டாள்.

"இதெல்லாம் அவசரப்படற காரியமில்ல" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இன்றைக்கு ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வசந்தா பீரோவிலிருந்து அவள் பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து ஒரு கவரில் போட்டாள். என்னுடையதைத் தொடவில்லை. நான் ஏற்கனவே ஒழுங்காக வைத்திருக்கிறேன் அல்லவா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் தெருமுனையில் டிராவல்ஸ் நடத்தும் ஜெசிந்தா அம்மாவைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பவர். என் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"சார், இருபத்தஞ்சு வருசமா டிக்கெட் போடறேன். தலையணையோட எடைய யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.

பாராட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வசந்தா திடீரென்று எனக்கு ரைஸ் குக்கரில் சோறு வைக்கக் கற்றுக் கொடுத்தாள். ரசம் வைக்கவும். எதற்கு என்று கேட்டால், "சும்மா தெரிஞ்சு வெச்சுக்கங்க" என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நியூசிலாந்தில் நம் சாப்பாடு கிடைக்காது, அங்கே நான் சமைக்க வேண்டி வரும் என்று திட்டம் போடுகிறாள் போலிருக்கிறது. முன்யோசனை உள்ளவள்.

சோறு குழைந்துவிட்டது. ரசம் நன்றாக வந்ததாக எனக்குப் பட்டது.

செப்டம்பர் 6, சனி

நாச்சிமுத்து தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் சிவப்பு வாலின் படம் அனுப்புகிறார். இன்று வந்தது விமானத்தின் மாடிப்படி. வெறும் படிக்கட்டு. பதிலுக்கு உலகப் படத்தில் அவர் சொல்லும் வழியை மஞ்சள் மையால் வரைந்து அனுப்பினேன். ஜிலேபி மாதிரி இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஜிலேபி படம் ஒன்று அனுப்பி, "நல்லாத்தானுங்க இருக்கும்" என்று எழுதியிருந்தார்.

இரண்டு தடவை சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

எவ்வளவு பேசினாலும் தீராது, உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். நாச்சிமுத்து உடனே சம்மதித்தார். எங்கள் வீட்டு ஹாலில் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டோம். முன் நாற்காலியின் முதுகிலிருந்து பின் நாற்காலியின் முதுகு வரை டேப் பிடித்து முப்பத்தொரு அங்குலம் வைத்தேன். அது நீல வால். நான்கு மணி நேரம் அதில். பிறகு ஓர் அங்குலம் தள்ளிச் சிவப்பு வாலில் நான்கு மணி நேரம். காலை ஒன்பது மணிக்கு வேட்டி பெல்ட்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டோம். கழிவறைக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. அவர் சுவர் ஓரம், நான் நடுவில். எனக்கு வலது பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பயணி இருக்க வேண்டும் என்பதற்காக அரிசி மூட்டையை வைத்தோம்.

வசந்தா தட்டில் இட்லி கொண்டுவந்து, "வெஜ்ஜா, வெஜ்ஜா?" என்று கேட்டாள். சாந்தாமணி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு நிற்கவே இல்லை. பத்து மணிக்கு இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, காந்திபுரத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

"ஏர்ஹோஸ்டஸ் ரெண்டு பேரும் எறங்கிட்டாங்களே சகல" என்றார் நாச்சிமுத்து.

பதினோரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. விதியை மீற முடியாது என்பதால் உட்கார்ந்தபடியே, "கதவு தொறந்துதான் இருக்குது, உள்ள வந்து வெச்சிருங்க" என்று குரல் கொடுத்தேன். உள்ளே வந்த ஆள் பெல்ட் கட்டி உட்கார்ந்திருக்கும் எங்கள் இரண்டு பேரையும் அரிசி மூட்டையையும் பார்த்தார். சிலிண்டரை வைத்துவிட்டு, ரசீதில் கையெழுத்துக்கூட வாங்காமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்.

நாச்சிமுத்து மூன்று தடவை கழிவறைக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் நான் காலை மடக்க வேண்டும், அவர் என் மடி மேல் ஏறித் தாண்ட வேண்டும், அரிசி மூட்டையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றாம் தடவை மறந்துவிட்டார். நான் நினைவுபடுத்தினேன். கேட்டார்.

இரண்டு மணிக்குத் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். எழுப்பியிருக்கலாம். சோதனை கெட்டுவிடும் என்பதால் எழுப்பவில்லை.

எழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சகல, அந்தப் பதினொண்ணுல எட்டு மெட்ராசுங்க" என்றார்.

"எட்டா?"

"போறது ஒண்ணு, வர்றது ஒண்ணுன்னு எண்ணுனா எட்டு. மிச்ச மூணு பாங்காக்கு."

"போக ஒண்ணு, வர ஒண்ணுன்னா ரெண்டுதான வரணும்? மூணு எப்படி வருது?"

"பாங்காக்குல ஏறி உக்காந்து, ரிப்பேர்னு எறக்கி விட்டு, மறுபடி ஏத்துனாங்க. அதையும் சேத்துக்கிட்டேனுங்க."

இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பது முறையாக இல்லை. டெல்லியில் இறங்கும்போது எனக்குப் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல், எல்லோரும் போன பிறகும் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்ததையும், கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் கழற்றி விட்டதையும் சொன்னேன். வசந்தாவுக்கே சொல்லாதது அது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "யாருக்கு வேணா மாட்டிக்கும் சகல, அந்தப் பக்கிள் அப்படித்தான்" என்றார்.

நாலு மணிக்குச் சகோதரிகள் கையில் பிளாஸ்டிக் கவரோடு வந்தார்கள். கவருக்குள் காகிதங்கள். என்ன என்று கேட்டேன்.

"அதொண்ணுமில்லீங்க. நீங்க எறங்கீறாதீங்க, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது" என்றாள் வசந்தா.

செப்டம்பர் 15, திங்கள்

கழுத்து திரும்பவில்லை. தைலம். அவருக்கும் அப்படித்தானாம்.

செப்டம்பர் 27, சனி

வசந்தா இரண்டு கம்பளிக் குல்லாய் வாங்கி வந்தாள், ஒரே மாதிரி, பூப் போட்டது. ஒன்று சாந்தாவுக்காம். எங்களுக்கு எங்கே என்றதற்கு, "நீங்க ஏர்லைன முடிவு பண்ணுங்க, குல்லாய் என்ன பெரிய விசயமுங்களா" என்றாள். சரியான பேச்சு. எதை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசை முக்கியம்.

என் சர்க்கரை மாத்திரைகளை ஏழு கிழமைக்கும் தனித்தனி அறையாக இருக்கும் டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அக்டோபர் 1, புதன்

நாச்சிமுத்து சொன்ன ஒரு சந்தேகத்தைத் தீர்க்க ஜெசிந்தா அம்மாவிடம் போனேன். இன்னும் முடிவாகவில்லை, தாமதமாகிறதே என்று வருத்தப்பட்டேன்.

"நீங்க அவசரப்படாதீங்க சார். இனிமே எவ்வளவு நிதானமா வேணும்னாலும் பாருங்க" என்றார்.

தொழில் தெரிந்தவர்கள் பேச்சே தனி.

அக்டோபர் 7, செவ்வாய்

முடிந்தது. போகும்போது சிவப்பு வால், வரும்போது நீல வால். மேற்கே போய்க் கிழக்கே இறங்குவோம், கிழக்கிலிருந்து நேராக வீடு வருவோம். போனில் நாச்சிமுத்து, "உங்க வழி திரும்பி வர்றதுக்குத்தானுங்க நல்ல வழி, அலுப்புல சீக்கிரம் வீடு சேரணும்" என்றார். நானும் விட்டுக்கொடுத்து, இரண்டு மாடி விமானத்தில் ஒரு தடவையாவது கீழ்மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். இரண்டு மாதம் நான்கு நாள். வீட்டில் சொல்லவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதாகத் திட்டம்.

அக்டோபர் 8, புதன்

நாச்சிமுத்து காலையிலேயே அவிநாசியிலிருந்து வந்துவிட்டார், தேய்த்த சட்டையோடு. இருவரும் ஜெசிந்தா அம்மா கடைக்குப் போய் முடிவை அறிவித்தோம். நான்கு டிக்கெட்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"சார், அம்மா சொல்லலீங்களா?"

"என்ன சொல்லணும்?"

"வசந்தாமணி மேடம், சாந்தாமணி மேடம், ரெண்டு பேருக்கும் போன மாசம் பதினாலாந்தேதியே டிக்கெட் போட்டாச்சுங்களே. விசாவும் வந்துருச்சு. நவம்பர் அஞ்சு."

"எங்களுக்கு?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

ஜெசிந்தா அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

எதிரே இருக்கும் பேக்கரியில் போய் உட்கார்ந்தோம். டீ ஆறிப்போனது. பதினாலாந்தேதி என்றால் நாங்கள் பெல்ட் கட்டி உட்கார்ந்திருந்த நாள். நாச்சிமுத்து ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்தார், வாயில் போடவில்லை.

"சகல, நான் மூணு நாளைக்கு அவகிட்டப் பேசப் போறதில்லீங்க" என்றார்.

"நானுந்தான்."

"மூணு நாள் தாங்குமுங்களா?"

"ரெண்டுன்னு வெச்சுக்கலாம்."

வீட்டுக்கு வந்தேன். வசந்தா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அவளே பேசினாள்.

"ரெண்டு மாசமா உங்களால ஒரு ஏரோப்ளேனப் புடிக்க முடியல. அங்க போயி ஏரிக்கு எடது பக்கமா போறதா வலது பக்கமா போறதான்னு ரெண்டு பேரும் நோட்டுப் போட்டீங்கன்னா, எங்களுக்கு வயசாகிப் போயிருமுங்க."

நான் அட்டவணை நோட்டை மேசை மேல் வைத்தேன்.

"வேணும்னே பண்ணல. முடிவாகும் முடிவாகும்னு ரெண்டு வாரம் பாத்தோம். அப்புறம் ஒரு நாள் சாந்தாதான் கேட்டா, அக்கா நாம ரெண்டு பேரும் மட்டும் போனா என்னன்னு. அவ அப்படிக் கேட்டதும் எனக்கு..." கீரையைக் கீழே வைத்தாள். "கலியாணத்துக்கு முந்தி ஒரே ரூமுல படுத்துப் பேசிட்டு இருப்போமுங்க. முப்பது வருசமாச்சு. இப்ப பாத்தா, நான் ஒரு அடுப்படில நிக்கறேன், அவ ஒரு அடுப்படில நிக்கறா. போன்லதான் பேச்சு."

கேட்க எவ்வளவோ இருந்தது. என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனது வந்தது என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. நான் கேட்டது:

"எந்த ஏர்லைன்?"

அவள் பச்சை வாலின் பெயரைச் சொன்னாள்.

"அத நான் மொத நாளே அடிச்சுட்டேனே. எதுக்கு அது?"

"ஜெசிந்தா சீட்டுப் படம் காட்டுனாங்க. மத்ததுல எல்லாம் ஜன்னல் பக்கம் மூணு சீட்டு. இதுல ரெண்டே ரெண்டு. நடுவுல மூணாவது ஆளு இல்லீங்க."

என் இருபத்தாறு பத்தியில் அது இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

பேசவில்லை. அவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

பெட்டிகளை மூன்று தடவை எடை போட்டேன். பீளமேடு விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். முதலில் சென்னை, அங்கிருந்து பச்சை வால்.

உள்ளே போகும் முன் வசந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, என் வேட்டி பெல்ட்டைக் கழற்றி, விமானத்தில் பக்கிளை எப்படித் தூக்கினால் திறக்கும் என்று காட்டினேன். இடுப்பில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் காட்ட வேண்டியிருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள்.

"இது தெரியாதுங்களா எனக்கு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னொருக்கா காட்டுங்க" என்றாள்.

இன்னொரு தடவை காட்டினேன்.

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அக்காவும் தங்கையும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். நேரம் நிறைய இருந்தது. எதற்கு ஓடினார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

நாச்சிமுத்து பையோடு வந்து இறங்கியிருக்கிறார். அவிநாசியில் நல்ல ஓட்டல் ஒன்றும் இல்லையாம். நான் சோறு வைத்தேன், அவர் கத்தரிக்காய் வதக்கினார். சட்டி கருகிவிட்டது. ஒரு மணி நேரம் மாறி மாறித் தேய்த்தோம். பிறகு அதைப் பழைய துணியில் சுற்றி மாடித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டோம். இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஏழு மணிக்கு வசந்தா கூப்பிட்டாள். அங்கே மதியமாம். ஏரிக்கரையில் நிற்பதாகச் சொன்னாள். காற்று இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது.

"குளுருதா?" என்றேன்.

"குளுருதுங்க."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் போனில் பேச வேண்டி வந்ததே இல்லை. தினமும் ஒரே வீட்டில்தானே இருக்கிறோம். அவளும் பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. காற்றையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம் என்று போனில் காட்டியது.

நவம்பர் 23, ஞாயிறு

வந்துவிட்டார்கள். சேலைக்குக் கீழே இரண்டு பேருக்கும் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி வெள்ளை ஷூ. வசந்தாவின் மூக்கு வெயிலில் தோல் உரிந்திருந்தது. எதையோ பாதியில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, "எளச்சுப் போயிட்டீங்களே" என்றாள். சொல்லலாம் என்று இரண்டு நாளாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். பெட்டி எவ்வளவு எடை என்று கேட்டேன்.

காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் வசந்தா, பின்னால் நாச்சிமுத்துவும் சாந்தாமணியும். சிக்னலில் நின்றபோது வசந்தா சொன்னாள்:

"அடுத்த வருசம் நாலு பேருமா போலாமுங்க. சாந்தாவும் நானும் பேசிட்டோம். அந்தக் காத்துல உங்களக் கொண்டு போயி நிறுத்தணும்னு இருக்குது. டிக்கெட் நான் போட்டுக்கறேன்."

"சரி" என்றேன். எந்த ஏர்லைன் என்று நான் கேட்கவில்லை. நாச்சிமுத்து கேட்டார்.

"ஜன்னல் பக்கம் ரெண்டு ரெண்டா சீட்டு இருக்கறதுதான்" என்றாள் சாந்தாமணி. "நானும் அக்காவும் முன்னால. நீங்க ரெண்டு பேரும் பின்னால."

கண்ணாடியில் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதை இன்னும் பேசவில்லை.